ஏழாம் பிளாக்கின் நான்காவது திருகாணி

ஸ்டார் ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் கூட்டல் குறியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அதன் சுவர்கள் நேராக இறங்குவதில்லை. கிண்ணத்தின் உட்புறம் போலச் சற்றே சரிந்து இறங்கும். அதனால் டிரைவரை நன்றாக அழுத்தாமல் திருப்பினால் அதன் முனை சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். வரும்போது சுவரிலிருந்து கொஞ்சம் உலோகத்தையும் வழித்துக்கொண்டு வரும். நாலைந்து முறை இப்படி ஆனால் கூட்டல் குறி தேய்ந்து வெறும் குழியாகிவிடும். பட்டறையில் இதை "மண்டை வழுக்கிடுச்சு" என்பார்கள். பதறவேண்டிய விஷயம் ஒன்றும் இல்லை. குழிக்கும் முனைக்கும் நடுவில் ஒரு துண்டு ரப்பரை வைத்து, உடம்பின் எடையை அதன்மேல் இறக்கி, மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும். ரப்பர் இடைவெளியை அடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை.

கந்தனுக்கு இது நன்றாகத் தெரியும். போர்ட் பிளேருக்குத் தெற்கே, கடல் நடுவில் உள்ள கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில், உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அழுத்தும் உருளை இயந்திரத்தைப் பதினேழு வருடமாக ஓட்டுகிறவன் அவன். அவனுடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கந்தன் பிறந்தது, சுனாமிக்குத் தப்பியது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இங்கேதான். மனைவி கமலாட்சி. மகள் காவேரி, பதினொரு வயது. காவேரிக்கு ஏழு வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடுவாள். போடாவிட்டால் சில நாளில் படுத்துவிடுவாள்.

ஏழாம் பிளாக் குடியிருப்புக்கு ஜெனரேட்டர் கரண்ட் மாலையில் நாலு மணி நேரம்தான். அதனால் துணை சுகாதார நிலையத்தில் சூரிய ஒளியில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது காவேரியின் மூன்று மாத மருந்து, ஆறு குப்பிகள். ஒரு திங்கட்கிழமை அந்த ஃப்ரிட்ஜ் நின்றுபோனது.

கந்தன் போய்ப் பார்த்தான். பக்கவாட்டில் ஓர் அலுமினியப் பெட்டி, அதற்குள் ஒரு கண்ணாடி ஃபியூஸ். மூடியில் நாலு ஸ்க்ரூ. மூன்று வந்துவிட்டன. நான்காவது வரவில்லை. காரணம் சுலபமானது. ஸ்க்ரூ இரும்பு, பெட்டி அலுமினியம், நடுவில் கடல்காற்றின் உப்பு ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும்; அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையைக் கெட்டியாக இறுக்கிவிடும். கந்தன் கொண்டுபோன டிரைவரின் முனையும் ஓர் அளவு சின்னது. மூன்று முறை ஏறி இறங்கியது. மண்டை பாதி வழுக்கிவிட்டது.

"நாளைக்குக் காலைல நல்ல ரப்பரா ஒண்ணு வெட்டிக்கிட்டு வரேன் சிஸ்டர்" என்றான்.

நர்ஸ் சொர்ணம்மா தலையாட்டினார். "வா. அதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதிப் போட்டுடு. உன் கைல கெட்டதுன்னு பின்னாடி வந்துடக் கூடாது பாரு."

கட்சாலில் இது பழக்கம். வேலை, வீடு, அரிசி, கப்பல் டிக்கெட் என்று எல்லாமே ஏதோ ஓர் இலாகாவிடமிருந்து வருகிற இடம். கைபட்டு எது கெட்டாலும் முதலில் ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவார்கள். எழுதியாகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். கந்தன் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி வரைக்கும் நடந்துபோய், நெட்வொர்க் கிடைக்கும் அந்த ஒரே தூணின் அருகில் நின்று, போர்ட் பிளேரில் உள்ள தீவுக் கருவிப் பராமரிப்பு இயக்ககத்துக்கு அனுப்பினான்: "நான்காவது திருகாணியைக் கழற்றும்போது அதன் தலை மழுங்கிவிட்டது. கந்தன்."

ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது என்று சொர்ணம்மா அன்று காலையிலிருந்து அதே எண்ணுக்கு நாலு முறை எழுதியிருந்தார். பதில் இல்லை. கந்தனின் வரிக்குப் பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது.

இதற்கும் காரணம் இருந்தது. கருவி நின்றுபோவது இயக்ககத்தின் மொழியில் சேவைக் குறைபாடு. அந்த மாதிரிப் புகார்கள் கூடை கூடையாகக் கிடந்தன. ஆனால் கருவியின் ஓர் உறுப்பு உருமாறுவது சொத்துச் சிதைவு. அதை விசாரிப்பதற்கென்றே ஏழு பேர் கொண்ட நிலைக்குழு ஒன்று இருந்தது. ஒன்பது வருடமாக அதற்கு ஒரு வேலையும் வரவில்லை. 'கெட்டுவிட்டது' என்று மட்டும்தான் எல்லோரும் எழுதுவார்கள்; தீவுகளில் ஒருவரும் இதுவரை தானாக முன்வந்து, பெயரும் போட்டு, சொத்தைச் சிதைத்ததாக எழுதியதில்லை.

மறுநாள் காலை, சட்டைப்பையில் ரப்பர் துண்டோடு வந்த கந்தனிடம் சொர்ணம்மா போனை நீட்டினார். "மேற்படி திருகாணியை யாரும் தொடக் கூடாது. குழு நேரில் பார்வையிடும்."

"நாலு சுத்து சிஸ்டர். ஃபியூஸ மாத்திட்டா வேலை கத்தம், முடிஞ்சுது."

"எனக்குத் தெரியாதா தம்பி? 'தொடுபவர் மீது'ன்னு கீழ ஒரு வரி இருக்கு, அதைப் படி. வேலை போனா குவார்ட்டர்ஸ் போகும். உனக்கும்தான், எனக்கும்தான். ரெண்டு நாள்ல வந்துடுவாங்களாம்."

இரண்டு நாள் பதின்மூன்று நாளானது. கப்பல் வாரத்துக்கு ஒன்று. முதல் கப்பலில் குழுவின் தகுதிக்கு ஏற்ற கேபின் கிடைக்கவில்லை.

இன்சுலின் குளிர்ச்சியில் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். வெளியே, அதிகம் சூடில்லாத இடத்தில், ஏறக்குறைய நாலு வாரம். நின்றுபோன ஃப்ரிட்ஜ் வெளியைவிட மோசம். அதன் கனமான சுவர்கள் பகல் வெப்பத்தை உள்ளே பூட்டி வைத்துக்கொள்ளும். கமலாட்சி ஒரு பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் மூடினாள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நல்ல யோசனைதான். ஆனால் தீவின் காற்று ஏற்கெனவே தண்ணீரைக் குடித்து வயிறு நிறைந்த காற்று. மேற்கொண்டு ஒரு சொட்டு வாங்க அதற்கு மனம் வராது. பானை கொஞ்சம்தான் குளிர்ந்தது.

சொர்ணம்மா ஆறு குப்பிகளையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "மருந்து ஃப்ரிட்ஜுலதான் இருக்குன்னு எழுதியிருக்கேன். உன் வீட்டுப் பானைல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லு?"

புது மருந்து கேட்டுச் சுகாதார இலாகாவுக்கும் எழுதிப் பார்த்தார். இருப்பில் உள்ள மருந்து தீராமல் அடுத்தது அனுப்ப இயலாது என்று வந்தது. கெட்டுப்போனதா என்று முடிவு செய்ய ஃப்ரிட்ஜ் பழுதான நாள் தெரிய வேண்டும். அந்த நாளை முடிவு செய்ய வேண்டியது நிலைக்குழு.

குழு வந்து இறங்கியது. ஏழு பேர், ஏழு பை, ஒரு கறுப்புத் தோல் பெட்டி. பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருந்தது இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற ஸ்க்ரூ டிரைவர். தலைவர் இராமகிருஷ்ணன், துணை இயக்குநர். இளநீர் குடித்துவிட்டு, சுகாதார நிலைய வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ஒரு ஸ்க்ரூதானேன்னு நீங்க நினைக்கலாம். கழட்டறது ஈஸி. யார் வேணா கழட்டலாம். கழட்டாம வச்சிருக்கத்தான் ஒரு இயக்ககம் வேணும். நான் முப்பத்தோரு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு ஸ்க்ரூவக்கூட நான் கழட்டினதில்ல. அதனாலதான் என் மேல ஒரு புகார்கூட கெடையாது."

பின்னால் நின்ற ஆறு பேர் கைதட்டினார்கள். கமலாட்சி முன்னால் வந்தாள்.

"சார், புள்ளைக்கு மருந்து கெட்டுப் போகுதுங்க. மொதல்ல ஃப்ரிட்ஜ ஓட விட்டுட்டு அப்புறமா விசாரிங்க சார்."

"அது சுகாதாரம்மா" என்றார் இராமகிருஷ்ணன், மிகவும் கனிவாக. "நாங்க ஸ்க்ரூ."

கந்தன் ரப்பர் துண்டை எடுத்து நீட்டினான். "சாப், இத நடுவுல வச்சு அழுத்தித் திருப்பினா வந்துடும் சாப்."

இராமகிருஷ்ணன் அதை இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எந்தக் கம்பெனி?"

"மரங்க சாப்."

"தரச்சான்று இருக்கா?"

"மரத்துக்கா?"

யாரோ சிரித்தார்கள். இராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. ரப்பர் என்றால் மெயின்லேண்டில் சோதித்துச் சான்று வாங்கிய ரப்பர். கட்சால் மரத்தில் வடிந்த பால் தகடாகி, கப்பலேறிச் சென்னை போய், அங்கே பட்டையாக வெட்டப்பட்டு, முத்திரை பெற்று, மறுபடி கப்பலேறித் திரும்பினால் அதைப் பயன்படுத்தத் தடையில்லை. விண்ணப்பித்தால் ஐந்து மாதத்தில் வந்துவிடும் என்றார்.

பிறகு சோதனை தொடங்கியது. திருகாணி திரும்பவில்லை என்பதைக் குழுவின் ஒவ்வோர் உறுப்பினரும் தம் கையாலேயே திருப்பிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. பதவி வரிசைப்படி.

"வேணாம் சாப்!" கந்தனுக்கு நிஜமாகவே பதறியது. "இன்னும் பாதிச் சுவர் மிச்சமிருக்கு. சும்மா திருப்பினா அதுவும் போயிடும். அப்புறம் ரப்பரும் புடிக்காது."

"அரே, சுப் ரஹோ பாய், வாய மூடு" என்றார் உறுப்பினர் ஒருவர். "உன் வாக்குமூலத்தை அப்புறமா வாங்குவோம்."

இராமகிருஷ்ணன் கைக்குட்டையால் பிடியைத் துடைத்து, முனையை வைத்து, விரல் நுனியால் திருப்பினார். கர்ரக் என்றது. "திரும்பவில்லை" என்று அறிவித்தார். எழுதிக்கொண்டார்கள். அடுத்தவர். கர்ரக். திரும்பவில்லை. ஒவ்வொரு கர்ரக்கும் எவ்வளவு உலோகம் என்று கந்தனுக்குத் தெரியும். தன் பல்லைச் சுரண்டுவது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். ஆறாவது ஆள் முடித்தபோது குழி குங்குமச் சிமிழ் மாதிரி வழவழவென்று உருண்டிருந்தது.

ஏழாவது ஆள் இளநிலைப் பொறியாளர் அருண்பிரசாத், இருபத்தாறு வயது. அவர் முனையை வைத்தார். திருப்பவில்லை, திருப்பியதுபோல மணிக்கட்டை மட்டும் அசைத்தார். "திரும்பவில்லை" என்றார் மெல்ல. கந்தன் அதைப் பார்த்தான்.

ஏழு பேரும் ஒருமனதாகக் கண்டறிந்தது இது: திருகாணியின் தலை, கந்தன் எழுதியதைவிட அதிகமாகச் சிதைந்துள்ளது. எனவே கந்தன் உண்மையை மறைத்திருக்கிறான்.

ரப்பர் இனி உதவாது. ஆனாலும் வழி இருந்தது. ஸ்க்ரூவின் தலை மூடிக்கு மேலே புடைத்துக்கொண்டு நின்றது. ரம்பத் தகட்டால் அதன் குறுக்கே ஒரு கோடு அறுத்தால் போதும். தட்டை டிரைவரை அதில் செருகித் திருப்பிவிடலாம். கந்தன் இதையும் சொன்னான்.

இராமகிருஷ்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "புரியுது. அதாவது நட்சத்திரத் தலைய நீ மைனஸ் தலையா மாத்தணும்ங்கறே. பட்டியல்ல நட்சத்திரம் நாலு. நீ மாத்திட்டா நட்சத்திரம் மூணு. ஒண்ண காணோம்னு ஆகும். அதோட, யாருக்கும் சொந்தமில்லாத மைனஸ் ஸ்க்ரூ ஒண்ணு இந்தத் தீவுல முளைச்சிருக்கும். அது எங்கேருந்து வந்துச்சுன்னு என்னைத்தானேப்பா கேப்பாங்க?"

குழியில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்கள். மதியம் நண்டுக் குழம்பு. நாலு மணிக்குக் கப்பல். முத்திரைக்குக் காவலாக அருண்பிரசாத்தை விட்டுப் போனார்கள்.

அவர் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக்கொண்டார். பகல் முழுவதும் அந்தப் பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கந்தன் ரம்பத் தகட்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

"சாப், பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வாங்க."

"எட்டு நிமிஷம் போதும்ணே" என்றார் அருண்பிரசாத். "அலுமினியத்தக் கொஞ்சம் சூடு பண்ணிக்கிட்டா இன்னும் சுலபமா வரும். அது இரும்பைவிட அதிகமா விரியும் பாருங்க, மரை தானா இளகிடும். மொதல் நாளே எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன சாப்?"

"எனக்கு முன்னாடி இந்த சீட்ல ஒருத்தர் இருந்தாரு. ரங்கத் ஊர்ல ஒரு பம்பு. இதே மாதிரி ஸ்க்ரூ. துளை போட்டு எடுத்துட்டாரு. ஆறு வருஷமா விசாரணைக்குப் போயிட்டு வராரு. ஸ்க்ரூ வெளிய வந்துடுச்சு, அவரு இன்னும் வரல." துணிச் சுருளை அவர் பார்க்கவே இல்லை. "முறையா எழுதிக் கேக்கறேன்ணே. கோடு போட அனுமதி. ஒருவேளை குடுத்துட்டா?"

எழுதினார். நல்ல பிள்ளை, வரைபடம்கூடப் போட்டு அனுப்பினார்.

ஃப்ரிட்ஜ் நின்ற இருபத்திரண்டாம் நாள் காவேரி இரவெல்லாம் தண்ணீர் கேட்டாள். மருந்து பார்வைக்கு எப்போதும்போலத் தெளிவாகத்தான் இருந்தது, வேலைதான் செய்யவில்லை. சொர்ணம்மா விரலில் குத்திப் பார்த்தார். எண்ணைச் சொல்லாமல் கருவியைப் பையில் வைத்துக்கொண்டார். ஊசியின் அளவைக் கூட்டினார். இரண்டு நாள் பரவாயில்லை. மறுபடி தாகம்.

"இவள போர்ட் பிளேருக்கு அனுப்பிடு" என்றார்.

அனுப்ப வேண்டும் என்பது கந்தனுக்கும் தெரியும். அந்த வாரக் கப்பலில் டிக்கெட் தீர்ந்திருந்தது. நோயாளிகளுக்கான ஒதுக்கீட்டில் கேட்கலாம். அதற்கு உள்ளூரில் மருந்து இல்லை என்று சான்று வேண்டும். மருந்து இருக்கிறது என்று சுகாதார இலாகாவின் தாள் சொன்னது. மயங்கி விழுந்தவர்களுக்கு ஹெலிகாப்டர் உண்டு. விழப்போகிறவர்களுக்குக் கப்பல்தான்.

"விழட்டும்னு காத்துக்கிட்டிருக்கணுமா?" என்று கேட்டாள் கமலாட்சி. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

இருபத்தாறாம் நாள் அருண்பிரசாத்தின் கடிதத்துக்குப் பதில் வந்தது. திருகாணியில் கோடு போடுவது வகை மாற்றம் ஆகும். வகை மாற்றம் இயக்குநர் முன்னிலையில்தான் செய்யப்பட வேண்டும். ஆகவே திருகாணியை அது பொருந்தியுள்ள கருவியுடன் போர்ட் பிளேர் ஹேடோவில் உள்ள கிடங்குக்குக் கொண்டு வரவும். உப்புக்காற்று பட்டு அதன் நிலை மாறிவிடக் கூடும் என்பதால் கேபினில் வைத்துக் கொண்டுவரவும். கூடவே உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் வர வேண்டும். அவர்களுக்கான டிக்கெட்டை இயக்ககமே ஏற்பாடு செய்யும். விசாரணைக்கு உட்பட்ட கந்தன் தீவை விட்டு வெளியேறக் கூடாது.

அருண்பிரசாத் படிவத்தை வெகுநேரம் படித்தார். பிறகு சொர்ணம்மாவைப் பார்த்தார்.

"சிஸ்டர், பொறுப்பாளருக்கு வயசுன்னு ஒரு கட்டம் இருக்கு. எவ்வளவு இருக்கணும்னு எங்கயும் போடல."

சொர்ணம்மா பேனாவை வாங்கி எழுதினார். பொறுப்பாளர்: காவேரி, வயது 11. உதவியாளர்: கமலாட்சி.

ஃப்ரிட்ஜைச் சாக்கில் சுற்றி நாலு பேர் ஜெட்டிக்குத் தூக்கிப் போனார்கள். அதில் ஒருவன் கந்தன். கேபினில் கீழ்ப்படுக்கையில் அதைக் கிடத்தி, ஆடாமல் இருக்கத் தலையணை வைத்தார்கள். காவேரிக்கும் கமலாட்சிக்கும் கப்பலின் அடித்தளத்தில் பங்க் படுக்கை. காவேரி உதடு காய்ந்து, தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கைகாட்டக் கூட எழுந்திருக்கவில்லை.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் நல்ல மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் காவேரி எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள். டாக்டர் அம்மாள் மூன்று மாத மருந்தைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"குளிர்ச்சியிலேயே வச்சிருக்கணும். ஊர்ல ஃப்ரிட்ஜ் இருக்கில்ல?"

"இருக்குங்க" என்றாள் கமலாட்சி. "ஹேடோவுல இருக்கு."

ஹேடோவில், தெரிந்தவர்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் தாயும் மகளும் தங்கினார்கள். அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் மருந்துக்கு ஒரு மூலை கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்குக் காவேரி கிடங்குக்குப் போய், முத்திரை அப்படியே இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் இயக்குநர் டெல்லி போயிருந்தார். திரும்பி வந்ததும் ஒரு சட்டச் சிக்கலைக் கண்டுபிடித்தார்: ஏழு பேர் திருப்பிய பிறகுதான் குழி முழுசாக உருண்டது என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஆகையால் குழுவையே விசாரிக்க ஒரு குழு தேவை. நடந்ததெல்லாம் நேரில் தெரிந்தவர் என்பதால் அதற்கும் இராமகிருஷ்ணனையே தலைவராக்கினார். அருண்பிரசாத்தை ரங்கத்துக்கு மாற்றினார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து மூன்று மாதமானது. ஏழாம் பிளாக் சுகாதார நிலையத்தில் ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் சொர்ணம்மா நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டார். இன்னொரு ஃப்ரிட்ஜுக்கு எழுதினார். ஒரு நிலையத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ்தான், உங்கள் நிலையத்துக்கு அது வழங்கப்பட்டு நல்ல பாதுகாப்பில் உள்ளது என்று வந்தது.

கந்தன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெட்டிக்குப் போய்த் தூணருகே நின்று போன் போடுவான்.

"சாப்டியா கண்ணு?"

"ம். புட்டு. ஊசி போட்டாச்சு."

"அம்மா?"

"துணி துவைக்குது."

"எப்பம்மா வருவே?"

"ஸ்க்ரூ வந்தா நானும் வந்துடலாம்பா. அங்க ஃப்ரிட்ஜ் இல்லாம நான் எப்படி இருக்கறது?"

"அது எப்ப வருமாம்?"

கப்பல் ஒன்று தூரத்தில் ஹாரன் அடித்தது. இணைப்பு விட்டுவிட்டு வந்தது. முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அழுவாள். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரலில் அவசரமே இல்லை.

"அது பரிசீலனைல இருக்குப்பா" என்றாள் காவேரி. "நீங்க அடுத்த வாரம் கூப்பிட்டுப் பாருங்க."